கோழை என்று சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு இருந்தது நோய்

1916ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். முதல் உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. இடம்: பிரான்ஸ். நேரம்: அதிகாலை.

ஹாரி ஃபார் என்ற 25 வயது பிரிட்டிஷ் சிப்பாயைச் சுட்டுக் கொல்வதற்காகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கண்ணைக் கட்ட வருகிறார்கள். வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். துப்பாக்கிகள் வெடிக்கின்றன.

சுட்டவர்கள் எதிரிகள் அல்ல. அவருடைய சொந்த ராணுவம்தான்.

குற்றம் என்ன தெரியுமா? கோழைத்தனம். முன்வரிசைக்குப் போகச் சொன்னபோது போக முடியாது என்று நின்றுவிட்டார்.

துப்பாக்கி முனையில் கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்த ஒரு மனிதரைக் கோழை என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 1915இல், இதே ஹாரி சுமார் ஐந்து மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர். அங்கிருந்து மனைவிக்கு வந்த கடிதங்களை நர்ஸ்தான் எழுதினார். ஏன்னா ஹாரியின் கை நடுங்கிய நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியவில்லை.

ராணுவ விசாரணை சுமார் 20 நிமிடத்தில் முடிந்தது. அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. அவரைப் பார்த்திருந்த மருத்துவர் காயம்பட்டுப் போனதால் சாட்சி சொல்ல வரவில்லை.

அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இப்படி ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் இவை போன்ற குற்றங்களுக்கும் சுட்டுக் கொன்றவர்களில் 306 பேருக்கு 90 வருடம் கழித்து மன்னிப்பு வழங்கப்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு மருத்துவராக எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது ஒன்றுதான். காயம் எப்போதும் ஒன்றுதான். அதற்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த மனிதருக்கு மருந்து கிடைக்கும், அல்லது தோட்டா கிடைக்கும்.

சரி, முதலில் இருந்து வருவோம்.

இது புது நோயா?

இல்லவே இல்லை.

கி.மு. 490இல் நடந்த மாரத்தான் போரைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எபிஸெலஸ் என்ற வீரரைக் குறிப்பிடுகிறார். பக்கத்தில் நின்றவன் வெட்டுப்பட்டுச் சாகிறான். இவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த நொடியில் இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. சாகும்வரை திரும்பவில்லை.

1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், அந்நிய தேசத்தில் கூலிக்குப் போர் செய்யப் போன சுவிஸ் வீரர்கள் உள்ளிட்டோர் தூக்கம் கெட்டு, பசி கெட்டு வாடுவதற்கு ஒரு பெயர் வைத்தார். 'நாஸ்டால்ஜியா'. இன்று பழைய பாட்டு கேட்டால் வரும் இனிய ஏக்கத்துக்குச் சொல்கிறோமே, அதே சொல்தான். பிறந்தபோது அது ஒரு நோயின் பெயர்!

1871இல் அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, உள்நாட்டுப் போர் வீரர்கள் 300 பேரைப் பற்றி எழுதினார். நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. ஆனால் இதயத்தில் பெரிய கோளாறு எதுவும் தட்டுப்படவில்லை. அவர் வைத்த பெயர் 'எரிச்சலுற்ற இதயம்'.

பாருங்கள். கண், பசி, இதயம் என்று உடம்பில் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஷெல் ஷாக்

1914இல் முதல் உலகப் போர் தொடங்குகிறது. அதுவரை மனிதகுலம் பார்க்காத அளவுக்குப் பீரங்கிக் குண்டுகள். பதுங்குகுழிக்குள் முடங்கிக் கிடக்க வேண்டும். ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. அடுத்த குண்டு நம் மேல் விழுமா, பக்கத்தில் விழுமா என்று காத்திருக்க வேண்டும். மணிக்கணக்காக. நாள்கணக்காக.

அங்கிருந்து விசித்திரமான நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். காயமே இல்லை, ஆனால் பேச்சு வரவில்லை. எலும்பு முறியவில்லை, ஆனால் நடக்க முடியவில்லை. உடம்பு முழுக்க நடுக்கம். தூக்கத்தில் அலறல்.

1915 பிப்ரவரியில் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூவருமே அருகில் குண்டு வெடித்த பிறகு நினைவும் பார்வையும் வாசனையும் சுவையும் பாதிக்கப்பட்டவர்கள். கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல்தான் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஷெல் ஷாக்.

குண்டு அதிர்ச்சியில் மூளையோ நரம்போ குலுங்கியிருக்கும் என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். ஆனால் போகப்போக மயர்ஸுக்கே ஒரு விஷயம் புரிந்தது. குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் இதே அறிகுறிகள் வருகின்றன!

அப்படியென்றால் உடைந்தது என்ன?

ராணுவத்துக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் இல்லை. அதற்குத் தேவைப்பட்டது கணக்கு. எதிரியின் குண்டுவீச்சோடு நேரடித் தொடர்பு இருந்தால் 'ஷெல் ஷாக் - காயம்'. அவருக்குக் காயப்பட்ட வீரர் என்ற மரியாதையும், சட்டையில் அதற்கான பட்டையும், பென்ஷனும் உண்டு. நேரடித் தொடர்பு இல்லையென்றால் 'ஷெல் ஷாக் - நோய்'. அவருக்கு எதுவும் கிடையாது.

இதில் மேல்தட்டு கீழ்த்தட்டும் உண்டு. அதே நடுக்கம் அதிகாரிக்கு வந்தால் பெரும்பாலும் 'நரம்புத் தளர்ச்சி'. சாதாரண சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா'. சிப்பாய்க்குத் துரதிர்ஷ்டமும் சேர்ந்துவிட்டால் 'கோழைத்தனம்'.

இரண்டு டாக்டர்கள்

லண்டனில் லூயிஸ் ஈலண்ட் என்ற மருத்துவர். பேச்சு போன 24 வயது சிப்பாய் ஒருவருக்கு அவர் கொடுத்த சிகிச்சையை அவரே 1918இல் வெளியான தன் புத்தகத்தில் விவரிக்கிறார். அறைக் கதவைப் பூட்டி, இருட்டாக்கி, பேசும்வரை வெளியே விடமாட்டேன் என்று சொல்லி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். மணிக்கணக்கில். கடைசியில் அந்தப் பையன் பேசிவிட்டான். வெற்றி!

பேச்சு வந்துவிட்டது, சரி. எதனால் பேச்சு போனது என்று அந்த அறையில் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொருவர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து, தோடர் பழங்குடியினரோடு மாதக்கணக்கில் இருந்தவர். யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த மந்தைச் சேர்ந்தவர், எந்தச் சடங்கை ஏன் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுக் கேட்டு எழுதி, 1906இல் 'தி தோடாஸ்' என்ற பெரிய நூலாக வெளியிட்டார்.

மயர்ஸும் ரிவர்ஸும் பழைய கூட்டாளிகள். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருவருமே இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் அந்நிய மனிதர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டுப் பழகிய மருத்துவர்கள். ஷெல் ஷாக் நோயாளிகளிடமும் அவர்களால் உட்கார்ந்து கேட்க முடிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ரிவர்ஸ் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் என்ற ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அதிகாரிகளுக்கு மட்டுமான ஆஸ்பத்திரி அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாரி ஃபார் போன்றவர்களுக்கு அங்கே இடம் கிடையாது.

அன்று எல்லோரும் நோயாளிக்குச் சொன்ன அறிவுரை: "மறந்துடு. அதையே நினைக்காதே. நல்லதா எதையாவது யோசி."

நாமும் இன்று இதைத்தானே சொல்கிறோம்?

ரிவர்ஸ் கவனித்தது, பகல் முழுக்க அடக்கி வைத்த நினைவு ராத்திரி கனவில் பல மடங்காகத் திரும்பி வருகிறது என்பதை. அடக்க அடக்க ஏறுகிறது.

அவரிடம் ஓர் அதிகாரி வந்தார். குண்டில் சிதறிப்போன நண்பனின் உடலைக் கண்ணால் பார்த்தவர். தினமும் கனவில் அந்தச் சிதறிய உடல். ரிவர்ஸ் அவரை அந்த நினைவை விட்டு ஓடச் சொல்லவில்லை. சேர்ந்து அதைப் பார்த்தார். உடல் அந்த அளவுக்குச் சிதறியிருக்கிறது என்றால் உங்கள் நண்பர் அந்தக் கணமே இறந்திருப்பார், வலியை உணர நேரமே இருந்திருக்காது என்று சொன்னார்.

அந்த அதிகாரிக்கு இது தோன்றியதே இல்லை. சில நாட்கள் கனவே வரவில்லை. பிறகு வந்தபோது, கனவில் நண்பன் அருகே போய், அவன் உடம்பில் இருந்த சாமான்களை மெதுவாகக் கழற்றி எடுத்தார். விழித்தபோது பயம் இல்லை. துக்கம் இருந்தது.

பயம் துக்கமாக மாறியது. இது மிகப் பெரிய விஷயம். துக்கத்தை மனிதனால் சுமக்க முடியும்.

எல்லோருக்கும் இது பலித்ததா? இல்லை. இன்னோர் அதிகாரி குண்டு அதிர்ச்சியில் தூக்கி எறியப்பட்டு, பல நாட்களுக்கு முன் இறந்து உப்பியிருந்த ஒரு சடலத்தின் வயிற்றில் முகம் பதிய விழுந்தவர். அந்த நாற்றமும் சுவையும் அவரை விடவே இல்லை. இதில் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை என்று ரிவர்ஸ் தன் கட்டுரையில் ஒத்துக்கொள்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

எப்போது பார்த்தாலும் அதையே கிளறிக்கொண்டு இருப்பதும் தவறு என்றும் அவர் எச்சரித்தார். அடக்கவும் கூடாது, அதிலேயே மூழ்கவும் கூடாது.

ஆனால் ரிவர்ஸ் ராணுவ டாக்டர். குணமானவரை மறுபடி போருக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அவருடைய நோயாளியாக இருந்த கவிஞர் சிக்ஃப்ரீட் சஸ்ஸூன் போர்முனைக்குத் திரும்பி, 1918இல் தலையில் குண்டடி பட்டுப் பிழைத்தார். அதே ஆஸ்பத்திரியில் வேறு மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃப்ரட் ஓவனும் திரும்பிப் போனார். 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். போர் முடிய ஒரே ஒரு வாரம் இருந்தது.

சொல்லைத் தடை செய்தால் நோய் போய்விடுமா?

1917இல் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு முடிவெடுத்தது. மருத்துவ அறிக்கைகளில் 'ஷெல் ஷாக்' என்று எழுதவே கூடாது. 'இன்னும் கண்டறியப்படவில்லை - நரம்பு' என்று எழுதினால் போதும்.

போர் முடிந்தபோது சுமார் 80,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தார்கள். 1922இல் அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அந்தச் சொல்லையே ஒழித்துவிட வேண்டும் என்றது அதுவும்.

அந்தக் குழு சாட்சி சொல்ல அழைத்தவர்களில் மயர்ஸும் ஒருவர். அவர் போகவில்லை. அந்த வருடங்களை மறுபடி நினைத்துப் பார்ப்பதே தாங்க முடியாததாக இருந்தது என்று பிற்பாடு எழுதினார்.

உலகுக்கு இந்த நோயை எடுத்துச் சொன்ன டாக்டருக்கே அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

பிறகு என்ன? எல்லோரும் மறந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943 ஆகஸ்ட். சிசிலித் தீவில் ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட வந்த அமெரிக்க ஜெனரல் பேட்டன், காயமில்லாமல் இருந்த சிப்பாயைப் பார்த்துக் கோழை என்று திட்டி அறைந்தார். ஒரு வாரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில் இன்னொரு சிப்பாயை. அறை வாங்கியவர்களில் ஒருவருக்கு மலேரியா காய்ச்சலும் இருந்தது பிறகு தெரிந்தது!

ஆனால் காலம் கொஞ்சம் மாறியிருந்தது. 1930லேயே பிரிட்டன் கோழைத்தனத்துக்கான மரண தண்டனையை நீக்கியிருந்தது. பேட்டனையும் அவருடைய மேலதிகாரி ஐசனோவர் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

1952இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் முதல் கையேட்டில் இந்நிலைக்கு ஒரு பெயர் இடம் பிடித்தது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எப்போது? வியட்நாம் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தபோது!

1969இல் பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்கிறார். வியட்நாமில் இருந்து திரும்பிய ஒருவர் அவரிடம் சொல்கிறார்: ஒரு கிராமத்தில் என் குழுவினர் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள், நான் சுடவில்லை, வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக என்னை மிரட்டினார்கள்.

மருத்துவர்கள் கூடிப் பேசி எழுதிய நோயின் பெயர்: சந்தேகம் மிகுந்த மனச்சிதைவு. அவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்று கேட்டது ஹேலி ஒருவர்தான். அதே வருடம் நவம்பரில் மை லாய் படுகொலைச் செய்தி உலகத்தை உலுக்கியது.

ஹேலியும், ராபர்ட் லிஃப்டன், சைம் ஷாட்டன் போன்ற மனநல மருத்துவர்களும், கூட்டமாக உட்கார்ந்து தங்கள் கதைகளைப் பேச ஆரம்பித்த முன்னாள் வீரர்களும் சேர்ந்து பல வருடம் போராடினார்கள். 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பெயர் ஏறியது. பி.டி.எஸ்.டி. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்.

ஒரு பெயர் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். இதற்கு முன் கேள்வி, "உனக்கு என்ன குறை?" என்று இருந்தது. இப்போது, "உனக்கு என்ன நடந்தது?" என்று மாறியது. சிகிச்சை, ஆராய்ச்சி, பென்ஷன் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

1980களின் இறுதியில் நடந்த பெரிய ஆய்வில், வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு அப்போதும் பி.டி.எஸ்.டி இருந்தது. போர் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஹாரிக்கு என்ன ஆனது?

அவர் மனைவிக்குப் பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னக் குழந்தையோடு வீட்டை இழந்தார். கணவர் எப்படிச் செத்தார் என்பதைப் பல பத்தாண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். மகளுக்கு உண்மை தெரிந்தபோது அவருக்கே நாற்பது வயது.

அந்தக் குடும்பம் நீதிமன்றம் வரை போனது. 2006இல் பிரிட்டிஷ் அரசு 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. மகளுக்கு அப்போது 93 வயது.

நம் வீட்டுக்கு வருவோம்

சில வருடங்களுக்கு முன் நடந்தது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து ஓர் அம்மா என்னிடம் வருவார். அறுபது வயதிருக்கும். உடம்பெல்லாம் வலி, தலைவலி, தூக்கமின்மை. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி, தைராய்டு எல்லாம் நார்மல். வலி மாத்திரை கொடுப்பேன், விட்டமின் கொடுப்பேன். இப்படியே மூன்று வருடம்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தார். "தம்பி, நாலு நாளைக்கு நித்திரைக்கு மருந்து கூடத் தாங்கோ" என்றார். பட்டாசுக்கெல்லாம் பயமாம்மா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூட வந்த மருமகள் சொன்னார்: "மாமி தீபாவளிக்குக் கட்டிலுக்குக் கீழதான் படுக்கிறவ."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அங்க என்னம்மா நடந்தது?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரே வாக்கியம். "மூத்தவனை நான்தான் தம்பி பங்கருக்குள்ள போகச் சொன்னனான்."

ஷெல் அந்தப் பங்கர் மேல்தான் விழுந்திருக்கிறது.

மூன்று வருடம் நான் பார்த்த நோயாளி. எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவிலேயே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். நம் மக்கள் மனக்காயத்தை மனக்காயம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு வலி, பெருமூச்சு, 'ஒரே யோசினை' என்றுதான் வருவார்கள். காயம்பட்டது தனி மனிதர்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் அவற்றுக்குள் இருந்த நம்பிக்கையும் சேர்ந்தே காயம்பட்டன என்றும் அவர் எழுதினார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டின்படி, போர் பாதித்த பகுதிகளில் வாழ்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது.

போரை மட்டும் சொல்லவில்லை. சுனாமி, சாலை விபத்து, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் வருடக்கணக்கில் வாங்கிய அடி, எல்லாவற்றுக்கும் பிறகு இது வரலாம்.

என்ன கவனிக்க வேண்டும்?

- நடந்தது மறுபடி நடப்பது போல நினைவிலும் கனவிலும் வருவது
- அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது
- "என்னாலதான்" என்ற குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பின்மை, யாரோடும் ஒட்டாமை
- சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தூக்கமின்மை, சட்டென்று கோபம்

அதிர்ச்சிக்குப் பிறகு சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலானவர்கள் தானாகவே மீண்டுவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நினைவைப் பாதுகாப்பாக, படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. தேவைப்பட்டால் மருந்துகளும் இருக்கின்றன. எத்தனை வருடம் கழித்து வந்தாலும் சிகிச்சை பயன் தரும்.

தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். குடியும் அப்படித்தான். இரண்டும் நோயை இழுத்தடிக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "எல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு" என்று சொல்லாதீர்கள். அவருக்கு முடியவில்லை. அதே நேரம், சொல்லு சொல்லு என்று வற்புறுத்தித் தோண்டவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இலங்கையில் 1926.

அந்த அம்மாவை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்தார். வலி மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. பட்டாசுச் சத்தம் இப்போதும் ஆகாது. போன தீபாவளிக்குக் கட்டில் மேலேயே படுத்தார் என்று மருமகள் சொன்னார். மகனின் பெயரை இப்போது வீட்டில் சொல்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். 'சிடுசிடு தாத்தா', 'பயந்தாங்கொள்ளி அத்தை' என்று அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். இன்றைக்கு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.